பூட்டிய வீட்டில் தீப்பிடித்தால்: வெளியேறும் வழி, எரிவாயு, மின்சாரம் குறித்து ஒரு விவாதம்

ஓசூர்ப் பணியாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோர் பென்னாகரத்தை அடுத்த ஒரு கிராமத்தில் தனியாக வசிக்கிறார்கள். நானும் மனைவியும் வேலையின் பொருட்டு ஓசூரில் இருக்கிறோம். அவர்கள் இருப்பது முன்பக்கம் தளம் போட்டு, பின்பக்கம் ஓடு வேய்ந்த பழைய வீடு. சமையலறையில் எரிவாயு அடுப்பு இருந்தாலும், களி கிண்டவும் வெந்நீர் காய்ச்சவும் பின்புறத் தாழ்வாரத்து விறகடுப்பைத்தான் அம்மா இன்னமும் பயன்படுத்துகிறார். அந்தத் தாழ்வாரத்தை ஒட்டியே வைக்கோல் போர் இருக்கிறது. திருட்டுக்கு அஞ்சி இரவில் முன்வாசல் கிரில் கேட்டை அப்பா உள்ளிருந்து பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கிறார். கடந்த ஆண்டு வாங்கிய மின்சார ஸ்கூட்டரும் இரவெல்லாம் அதே வாசல் திண்ணையில்தான் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.

தீயணைப்புக் கருவி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் போதும் என்று அப்பா கருதுகிறார். எனக்கு அது போதுமென்று தோன்றவில்லை. ஆனால் எதை முதலில் சரி செய்வது, எதற்கு எவ்வளவு செலவழிப்பது என்பதில் தெளிவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், தருமபுரி எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியவற்றுள் என்னை மிகவும் கவலையுறச் செய்தது தலையணைக்கு அடியில் இருக்கும் அந்தச் சாவிதான். கருவி வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இருட்டில், புகையில், பதற்றத்தில் இரண்டு முதியவர்கள் அரை நிமிடத்துக்குள் வெளியே வர முடியுமா என்பதை இந்த வாரமே போய்ப் பாருங்கள்.

தூங்குகிறவரைப் பெரும்பாலும் புகைதான் முதலில் வீழ்த்துகிறது. தீ அவரை நெருங்குவதற்கு முன்பே கார்பன் மோனாக்சைடு அறிவை மழுங்கடித்துவிடும். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது என்பதால், நாற்றம் வந்ததும் விழித்துக்கொள்வோம் என்று யாரும் நம்பியிருக்கக் கூடாது. விழித்தவரும் எழுந்து நின்றால் சூடான புகை முகத்துக்கு நேரே இருக்கும். தரையை ஒட்டித்தான் ஓரளவு நல்ல காற்று எஞ்சியிருக்கும் என்பதால், முழங்காலிட்டுத் தவழ்ந்தே கதவை நோக்கிப் போக வேண்டும். கதவு மூடியிருந்தால் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுட்டால் அதைத் திறக்காமல் வேறு வழியைத் தேட வேண்டும். தப்பி வரும்போது பின்னால் இருக்கும் கதவைச் சாத்திவிட்டு வந்தால், தீக்குக் காற்றுக் கிடைப்பது குறைந்து, மற்ற அறைகளுக்குப் பரவுவதும் தாமதமாகும்.

பூட்டையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாவிக்கு நிரந்தரமான ஓர் ஆணி வேண்டும். வெளியே நிற்பவன் கையையோ குச்சியையோ நீட்டினாலும் எட்டாத தூரத்தில், ஆனால் வீட்டில் உள்ளவர் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் அகப்படும் உயரத்தில் அது இருக்க வேண்டும். பின்கதவுக்குப் பூட்டு வேண்டாம், உட்பக்கத் தாழ்ப்பாளே போதும். படுக்கையறைச் சன்னல்களுள் ஒன்றின் கம்பிச் சட்டத்தைக் கீல் வைத்து உள்ளிருந்து திறக்கும்படி மாற்றித் தரச் சொன்னால், கிரில் வேலை செய்யும் எந்தப் பட்டறையிலும் செய்து தருவார்கள். ஸ்கூட்டரை அந்த வாசலிலிருந்து இன்றைக்கே அகற்றச் சொல்லுங்கள். லித்தியம் மின்கலத் தொகுப்பில் ஒரு கலம் அளவுமீறிச் சூடானால் அடுத்தடுத்த கலங்களும் சூடேறி, நச்சுப்புகையைக் கக்கிக்கொண்டு எரியும். அணைந்ததாகத் தோன்றிய பிறகும் மீண்டும் பற்றக்கூடும். வெளியேறும் வாசலில் அது நிற்கவே கூடாது.

காரிமங்கலம் மின்பணியாளர் எழுதியது:

ஐயா சொன்ன வரிசை சரியானதே. மின்சாரம் குறித்து நான் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு வேலைக்குப் போனால், மெயின் பலகையில் இருக்கும் ஃபியூஸ் கட்டையைத்தான் முதலில் கழற்றிப் பார்ப்பேன். அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்பதற்காக, மெல்லிய ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாக ஒயரிலிருந்து உருவிய செம்பு இழைகளை மூன்று நான்காகச் சேர்த்து முறுக்கிக் கட்டியிருப்பார்கள். சுமை மிகும்போது தான் உருகி வீட்டைக் காக்க வேண்டிய கம்பி அதன்பின் உருகுவதில்லை. சுவருக்குள் ஓடும் ஒயர் அதற்குப் பதிலாகச் சூடேறுகிறது. ஃபியூஸை எடுத்துவிட்டு, சுமை மிகுந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சைப் பொருத்துவதற்குப் பெரிய செலவு ஆகாது. மின்கசிவு ஏற்பட்டால் 30 மில்லி ஆம்பியரிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். அது உயிரையும் காக்கும், கசிவினால் எழும் தீயையும் தடுக்கும்.

ஆனால் இவை இரண்டுமே கண்டுகொள்ளாத ஒரு குறை உண்டு; அதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சுவிட்ச் போர்டிலோ பிளக்கிலோ இணைப்புத் தளர்ந்திருந்தால், ஓடும் மின்சாரத்தின் அளவு அதிகரிக்காது, ஆகவே எம்.சி.பி. விழாது, ஆனால் தளர்ந்த அந்த ஓர் இடத்தில் மட்டும் வெப்பம் ஏறிக்கொண்டே இருக்கும். பிளக் துளையைச் சுற்றிப் பழுப்பேறியிருப்பது, சுவிட்சைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது, மோட்டார் போட்டதும் விளக்கு படபடப்பது, பிளாஸ்டிக் கருகும் வாடை ஆகியவையே அதன் அறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்தப் பிளக்கை அன்றைக்கே பயன்படுத்துவதை நிறுத்திவிட வேண்டும்.

வெந்நீருக்குப் போடும் 1500 வாட் ஹீட்டர் ராடு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 6.5 ஆம்பியர் இழுக்கும். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு 9 ஆம்பியரை நெருங்கும். இவற்றைச் சிறிய பிளக்கில், அதிலும் மெல்லிய ஒயர் கொண்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுவது ஆபத்தானது. 16 ஆம்பியர் பிளக்கும், அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும் வேண்டும். ஸ்கூட்டர் சார்ஜருக்கும், அதனுடன் வந்த கையேடு எந்தப் பிளக்கைச் சொல்கிறதோ அதைத் தனியாக இழுத்துக் கொடுங்கள். பகலில், கண்பார்வையில் சார்ஜ் ஏற்றுவது நல்லது. உங்கள் பெற்றோரின் வீட்டில் ஓட்டுக்கு அடியில் ஒயர் போகுமானால், எலி கடித்த இடம் உண்டா என்று ஆண்டுக்கு ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும். வைக்கோல் போருக்கு மேலே மின்வாரியக் கம்பி தாழ்ந்து தொங்கினால் 94987 94987 என்ற மின்னகம் எண்ணில் புகார் செய்யலாம்.

பாலக்கோடு இல்லத்தரசி எழுதியது:

சமையலறையில் அன்றாடம் புழங்குபவள் என்ற முறையில் எரிவாயுவைப் பற்றி எழுதுகிறேன்.

நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வாயு காற்றைவிடக் கனமானது. பள்ளத்தில் தண்ணீர் தேங்குவதுபோல அது தரையோரத்தில், மேடைக்கு அடியில், மூடிய அலமாரிக்குள் தேங்கி நிற்கும். ஆகவே சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தி, காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்பைவிடத் தாழ்வாக வைக்க வேண்டும். அடுப்புக்குப் போகும் ட்யூபின் மேல் அதன் தயாரிப்புக் காலம் அச்சாகியிருக்கும். ஐந்து ஆண்டு ஆனதும், விரிசல் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். சிலிண்டரை மறுசோதனை செய்ய வேண்டிய காலத்தைக் காட்ட, அதன் கழுத்துப் பட்டையில் A, B, C, D என்ற எழுத்துகளுள் ஒன்றும், பக்கத்தில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் இருக்கும்; A என்பது சனவரி முதல் மார்ச் வரை, D என்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்தக் காலம் கடந்த சிலிண்டரை வாங்க மறுக்கும் உரிமை நமக்கு உண்டு. புதியது வந்ததும் வாய்ப்பகுதிக்குள் கருப்பு ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். ரெகுலேட்டரை மாட்டியபின் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி எழுகிறதா என்று பார்க்க வேண்டும். தீக்குச்சியைக் கொளுத்திக் கசிவைச் சோதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

வாடை வந்தால் என்ன செய்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறோம். விளக்கைப் போடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிகிறது. எரிந்துகொண்டிருக்கும் விளக்கை அணைக்கவும் கூடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. சுவிட்ச் எந்தப் பக்கம் விழுந்தாலும் பொறி உண்டு. குளிர்சாதனப் பெட்டி தானாக ஓடி நிற்கும்போதும் பொறி எழலாம் என்பதால், மெயின் வீட்டுக்கு வெளியே, வாடை எட்டாத இடத்தில் இருந்தால் மட்டும் அங்கே போய் அணைக்கலாம். சாமி விளக்கோ ஊதுவத்தியோ எரிந்தால் அதை அணைத்து, அடுப்புக் குமிழையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவு சன்னல்களைக் கையால் திறந்துவிட்டு வெளியேற வேண்டும். ரெகுலேட்டரை மூடிய பின்னும் சிலிண்டர் வாயிலிருந்தே கசிந்தால், ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, நூலில் கட்டித் தொங்கும் வெள்ளை மூடியை வாயின் மேல் வைத்துக் கிளிக் என்று ஒலிக்கும்வரை அழுத்த வேண்டும். அந்த மூடியைக் குழந்தைகள் விளையாடக் கொடுத்துவிட்டு, தேவைப்படும் நேரத்தில் தேடுகிறவர்கள் அதிகம். அதன்பின் வெளியே நின்று 1906 என்ற எண்ணுக்குப் பேசலாம். இரவும் பகலும் எடுப்பார்கள்.

உங்கள் அம்மாவிடம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். ஈர விறகு பிடிக்கவில்லை என்று தணலின் மேல் மண்ணெண்ணெயையோ பெட்ரோலையோ ஊற்றவே கூடாது. அடுப்படிக்கு நைலான் சேலை வேண்டாம், பருத்தியே நல்லது.

தேன்கனிக்கோட்டை விவசாயி எழுதியது:

மேலே சொன்னவை எல்லாம் நல்லவைதான். ஆனாலும், "வெளியேறிவிட்டுத் தொலைபேசியில் கூப்பிடுங்கள்" என்பது நகரத்துக்குப் பொருந்துகிற அளவு எங்களுக்குப் பொருந்துமா என்று கேட்க விரும்புகிறேன். அஞ்செட்டிப் பக்கமோ வத்தல்மலையிலோ சித்தேரியிலோ வீடு எரிந்தால், வண்டி மலையேறி வருவதற்குள் கூரை இறங்கிவிடும். அதனால் எங்கள் ஊரில் எல்லோரும் சேர்ந்து சாக்கை நனைத்துக்கொண்டு ஓடுவதுதான் வழக்கம். எரிகிற சிலிண்டரை நனைந்த சாக்கால் மூடி அணைப்பதைத் தீயணைப்புத் துறையினரே பள்ளிகளில் செய்து காட்டுகிறார்களே, பிறகு ஏன் விலகி ஓட வேண்டும்?

குளிர்காலத்தைப் பற்றியும் எழுத வேண்டும். மார்கழியில் எங்கள் பக்கம் பனி கடுமையாக இருக்கும். கரியைச் சட்டியில் மூட்டி அறைக்குள் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு படுப்பவர்கள் உண்டு. பட்டுப்புழு வளர்ப்பு மனையிலும் இளம்புழுவுக்குச் சூடு வேண்டும் என்று கரியடுப்பு வைப்பார்கள். காவலுக்குப் போகிறவர் அங்கேயே உறங்கிவிடுவார். பொறி பறந்து தட்டில் பற்றுவது ஒரு பக்கம் இருக்க, ஐயா சொன்ன அந்த மணமில்லாத வாயு அங்கேதான் ஆளைக் கொல்லும். எங்கள் வீட்டில் இப்போது கரியடுப்பு வாசலுக்கு வெளியேதான்.

வைக்கோல் போரை வீட்டை ஒட்டிப் போடாமல் இருப்பதோடு, ஈரம் காயாமல் அடுக்காமலும் இருக்க வேண்டும். ஈரத்தோடு அடுக்கினால் உள்ளே புழுங்கிச் சூடேறி, யாரும் தீ வைக்காமலே புகையத் தொடங்குவதுண்டு.

ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், தருமபுரி எழுதியது:

விவசாயி ஐயாவின் கேள்வி நியாயமானது. வண்டி வருவதற்கு முன்னால் இருக்கும் நிமிடங்கள் வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் உரியவை என்பதை நான் மறுக்கவில்லை. எதை அணைக்கலாம், எதை விட்டு விலக வேண்டும் என்று பிரித்தறிவதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

நனைந்த சாக்கு வேலை செய்யும். ஆனால் பள்ளியில் செய்து காட்டுபவர் திறந்தவெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து அடிக்கும்படி நின்று, சுடர் அணைந்த மறுநொடியே கையை உள்ளே விட்டு ரெகுலேட்டரை மூடிவிடுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். அடைத்த சமையலறையில் சுடரை மட்டும் அணைத்துவிட்டு வாயுவை நிறுத்த முடியாமற் போனால், எரியாத வாயு அறை முழுவதும் நிரம்பி, அடுத்த பொறியில் வெடிக்கும். எரிந்துகொண்டிருந்ததைவிட அதுவே கொடியது. ஆகவே வாயுவை அடைக்க முடியும் என்ற உறுதி இருந்தால் மட்டும் சாக்கை எடுங்கள். சுடர் சிலிண்டரின் உடலிலேயே படிகிறது, அல்லது அதைச் சுற்றியுள்ள பொருள்கள் எரிகின்றன என்றால், உள்ளிருக்கும் அழுத்தம் ஏறிச் சிலிண்டரே பிளக்கலாம். அந்த இடத்தில் ஊர்க்கூட்டம் நிற்கக் கூடாது. பிள்ளைகளையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் தொலைவுக்கு அனுப்புவதும் அணைக்கும் வேலைதான்.

எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கி, ஏறத்தாழ 1700 மடங்கு பெருத்து ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசும். அடுப்பை மூடி, தட்டத்தைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்திச் சட்டியை மூடி, நன்றாக ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும். சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுபவர்கள்தான் பெரிதும் வெந்துபோகிறார்கள். மின்சாரத் தீக்கு முதலில் மெயினை அணைக்க வேண்டும். அது நின்றுவிட்டால் எஞ்சியிருப்பது சாதாரணத் தீயே.

கருவி வாங்குவதானால் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஏ.பி.சி. உலர்பொடிக் கருவி போதும். அப்பாவால் தனியாகத் தூக்க முடிகிற எடையில் வாங்கி, சமையலறைக்குள் மாட்டாமல், வெளியேறும் கதவுக்கு அருகில் மாட்டுங்கள். கருவியின் அழுத்தமானி முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். ஊசியை உருவி, தீயின் அடிப்பகுதியைக் குறிவைத்து அடிக்க வேண்டும். சிறிய கருவியில் சில நொடிகளுக்கான பொடியே இருக்கும், ஆகவே கதவு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

செவிலியர், கிருஷ்ணகிரி எழுதியது:

தீக்காயத்தோடு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் துடைத்தெடுக்க வேண்டியிருப்பது பற்பசையையும் மாவையும் பேனா மையையும்தான். இவற்றால் காயத்தின் ஆழம் மறைந்துபோகிறது, கிருமியும் சேர்கிறது. செய்ய வேண்டியது ஒன்றே: ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுவது. குழாய் இல்லாவிட்டால் குடத்து நீரைச் சொம்பால் தொடர்ந்து ஊற்றலாம். பனிக்கட்டி வைக்கக் கூடாது, கொப்புளத்தை உடைக்கக் கூடாது. வீக்கம் வருமுன் வளையல், மோதிரம், அரைஞாண், மெட்டி ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காமல், தூய பருத்தித் துணியால் தளர்வாக மூடி 108-ஐ அழையுங்கள். குழந்தைக்கும் முதியவருக்கும் உடம்பின் பெரும்பகுதி வெந்திருந்தால், அதிக நேரம் நனைப்பதால் உடல் குளிர்ந்துவிடும். காயத்தை மட்டும் நனைத்து, மற்ற பகுதியைப் போர்த்த வேண்டும்.

உடையில் தீப்பிடித்தவர் ஓடினால் சுடர் முகத்துக்கு ஏறும். அவரைப் படுக்க வைத்து உருளச் செய்ய வேண்டும், அல்லது கனமான பருத்திப் போர்வையாலோ கம்பளியாலோ சுற்ற வேண்டும். முகத்தில் சூடு பட்டவர், மூக்குமயிர் கருகியவர், குரல் கம்மியவர் நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்கு வந்தே ஆக வேண்டும். சுவாசக்குழாய் சில மணி நேரம் கழித்து வீங்கக்கூடும்.

பாலக்கோடு இல்லத்தரசி எழுதியது:

இன்னொன்றும் விடுபட்டுவிட்டது. தீபாவளிச் சீட்டுப் பிடிப்பவர்கள் பட்டாசுப் பெட்டிகளை வாரக்கணக்கில் வீட்டுப் பரணில் அடுக்கி வைக்கிறார்கள். 2023 சூலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து ஒன்பது பேர் இறந்ததையும், அதே ஆண்டு அக்டோபரில் அத்திப்பள்ளிப் பட்டாசுக் கடைத் தீயில் தருமபுரி மாவட்டத்து இளைஞர்கள் உள்ளிட்ட பலர் மாண்டதையும் நம் மாவட்டங்கள் மறந்திருக்க முடியாது. குடியிருப்பில் அவற்றைச் சேர்த்துவைக்க வேண்டாம் என்று சீட்டுக்காரரிடம் நாமே கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

ஓசூர்ப் பணியாளர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சாவிக்கு ஆணி, கீல் வைத்த சன்னல், எம்.சி.பி., புதிய ட்யூப் என்ற வரிசையில் ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்குகிறோம். ஸ்கூட்டருக்கு மாட்டுக்கொட்டகையைத் தாண்டித் தனியாக ஒரு சிறு தகரக் கொட்டகை போட அப்பா ஒப்புக்கொண்டார். வைக்கோல் போரை அடுத்த அறுவடைக்குப் பிறகு கிணற்று மேட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். அதுவரை காத்திருப்பது சரியா? வீட்டுக்குக் காப்பீடு எடுப்பது பயன் தருமா? அவசரத்தில் தொலைபேசியில் பேச அம்மா பதறுவார். அவருக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், தருமபுரி எழுதியது:

போரை மாற்ற அறுவடை வரை காத்திருக்க வேண்டாம். கோடையில் காற்றும் வெயிலும் சேரும் நாளில், விறகடுப்புப் பொறி ஒன்றே போதும். போரை இப்போது நகர்த்த ஆளில்லை என்றால், அடுப்பை நகர்த்துங்கள்; அது அரைநாள் வேலை. சமைத்து முடித்ததும் தணலுக்குத் தண்ணீர் தெளித்துச் சாம்பலைக் கிளறிப் பார்ப்பது அம்மாவின் பழக்கமாகட்டும்.

காப்பீடு பயன் தரும். 2021 ஏப்ரலிலிருந்து பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான வீட்டுக் காப்பீட்டைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தருகின்றன. எரிவாயு விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்களே எடுத்துவைத்துள்ள காப்பீடும் உண்டு. விபத்து நேர்ந்தால் முகவரிடம் உடனே எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும்.

தொலைபேசிக்கு, 101 அல்லது 112 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் சுவரில் எழுதி, அதற்குக் கீழே அம்மா படிக்க வேண்டிய சொற்களையும் எழுதிவிடுங்கள்: ஊரின் பெயர், ஊராட்சி, ஒன்றியம், பெரிய சாலையிலிருந்து திரும்ப வேண்டிய இடத்தில் இருக்கும் அடையாளம், எரிவது வீடா போரா சிலிண்டரா, உள்ளே யாரேனும் இருக்கிறார்களா. ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர்கள் இருக்கும் மாவட்டம் இது என்பதால், ஒன்றியத்தின் பெயரைச் சொல்லாவிட்டால் வண்டி வேறு ஊருக்குப் போய் நிற்கும். பேசி முடித்ததும் எதிர்முனையில் வைக்கச் சொல்லும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவனை டார்ச் விளக்கோடு சாலைத் திருப்பத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். தெருவில் மாட்டுவண்டியோ டிராக்டரோ நின்றால் அதையும் நகர்த்தச் சொல்லுங்கள். எங்கள் வண்டி திரும்புவதற்கு நிறைய இடம் வேண்டும்.